தீ தொடாதவள்

யாரையோ காக்கத் தவறியவர்தாம் பின்னாளில் அதிமனிதர் ஆகிறார் என்று சண்முகவடிவுக்கு முதன்முதலில் சொன்னவர் ஓவிய ஆசிரியர் மாசிலாமணி. முகமூடியும் முதுகில் பறக்கும் துணியும் அப்புறம் வருபவை டீச்சர், முதலில் ஒரு சாவு வேண்டும், அந்தச் சாவுக்கு அவன் சற்றே பிந்தி வந்திருக்க வேண்டும், என்று தேநீர்க் குவளையை வேப்பமரத்து வேரில் வைத்துவிட்டு அவர் சொன்னது இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்து முற்பகலில். அவர் போய்ச் சேர்ந்தே ஏழாண்டாயிற்று. ஆயினும் கருவூலத்து இரும்பு நாற்காலியில் அவள் உட்கார்ந்த மாத்திரத்தில் அந்த வாக்கியமும் எங்கிருந்தோ வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. ஆண்டுதோறும் இப்படித்தான். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தாம் இன்னும் உயிரோடிருப்பதை ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து மெய்ப்பிக்க வேண்டும். விரல் ரேகையை இயந்திரம் ஏற்றுக்கொண்டால் உயிர் இருக்கிறது, ஏற்காவிட்டால் ஐயம். உள்ளே இருபத்தொன்பதாம் எண்ணை அழைத்தார்கள். அவளுடையது முப்பத்தாறு. இன்னும் ஏழு பேர், ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் என்று தொடங்கிய கணக்கு பாதியிலேயே நழுவிற்று. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை முனகியது. அவளுக்கு முந்திய எண்ணோடு உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஏட்டு அருளப்பன், "என்ன வடிவு டீச்சர், போன வருசம் பாத்தப்ப இதுதான் கடைசின்னு நெனச்சேன். கெட்டியாத்தான் இருக்கீக" என்றார். "உங்களை வழியனுப்பாம போறதில்லைன்னு வச்சிருக்கேன், ஏட்டையா." "அப்ப ரெண்டு பேராலயும் கவர்மெண்டுக்கு நட்டம்தான்." அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள், சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டதை ஏட்டையா கவனித்திருக்க மாட்டார், குற்றவாளிகளை முப்பது ஆண்டுகள் முகம் பார்த்தே பிடித்தவர் என்று பெயர் வாங்கியவராயினும்.

மாசிலாமணிக்குப் படக்கதைப் புத்தகங்கள் என்றால் உயிர். வகுப்பறைகளில் அவள் பறிமுதல் செய்து அலமாரியில் பூட்டி வைத்திருந்த புத்தகங்களைத் திருப்பிக் கேட்டு மாணவர் எவரும் வந்ததில்லை, அவர்தாம் வருவார், தலையைச் சொறிந்தபடி, "டீச்சர், அந்த நீலச் சட்டைக்காரன் புஸ்தகம் பிள்ளைக கொண்டாந்ததுதான். ஆனா என்கிட்ட வாங்கிட்டுப் போனது" என்று. அவளுக்கு அவரைப் பார்த்து இரக்கம், இரக்கத்துக்கு அடியில் ஏளனம். இலக்கணமும் யாப்பும் கற்ற வாயால் பொம்மைக் கதையைப் பற்றிப் பேசுவதா என்று அவள் பேச்சை வெட்டுவாள். அவர் அயர மாட்டார். உலகமே வேலையற்றுக் கிடந்த ஒரு காலத்தில் தூர தேசத்து இளைஞர் இருவர், கையில் காசற்றவர்கள், முதல் அதிமனிதனை வரைந்தார்கள் என்பார்; ஒன்றுமில்லாதவன்தான் எல்லாம் முடிகிறவனைக் கற்பனை செய்வான் என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம பக்கம் அதுக்கும் ரொம்ப முன்னாலயே உண்டே டீச்சர். எல்லையில அரிவாளோட நிக்கிற சாமியெல்லாம் யாருங்கீங்க? வெட்டுப்பட்டுச் செத்தவன், பிள்ளை பெற முடியாமச் செத்தவ. அநியாயமாப் போனவங்கதானே காவலுக்கு நிக்காங்க. நல்லா வாழ்ந்து படுக்கையில செத்தவனுக்கு எவன் கிடா வெட்டுறான்?" என்பார். அவர் வகுத்த இலக்கணம் எளியது: தவறிப்போன ஓர் உயிர், மறைத்துக்கொண்ட ஒரு முகம், மற்றவர்க்கு இல்லாத ஓர் ஆற்றல். ஆற்றல்தானே முக்கியம் என்று அவள் ஒரு நாள், அலுப்பில்தான், கேட்டுவிட்டாள். "பறக்கிறதெல்லாம் பருந்தும்தான் பறக்குது. கூப்பிடாம வந்து நிக்கான் பாருங்க, அதுதான் டீச்சர்." கூப்பிடாமல் வந்து நிற்பது. நிற்பது. அவள் புடைவைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முப்பதாம் எண்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் அவளுக்கும் மறைத்துக்கொண்ட முகம் ஒன்று இருந்தது. இதை அவள் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தாள், உணர்ந்த அன்று சோறு இறங்கவில்லை. எழுதிய பிள்ளையின் பெயரும் பதிவெண்ணும் கிழிக்கப்பட்டு, டம்மி நம்பர் என்று எல்லாரும் சொல்லும் பொய்யெண் ஒன்று முகப்பில் ஏறியிருக்கும். பிள்ளைக்குத் திருத்துகிறவர் யாரென்று தெரியாது, திருத்துகிறவருக்குப் பிள்ளை யாரென்று தெரியாது. இரு பக்கமும் முகமூடி. ஆற்றலும் இருந்தது: சிவப்பு மைப் பேனா. அதன் ஒரு சுழிப்பில் ஒருத்தி மேலே படிப்பாள், ஒருத்தி வீட்டில் நிற்பாள். முற்பகல் பதினைந்து தாள், பிற்பகல் பதினைந்து தாள். ஒவ்வொரு விடைக்கும் ஓரத்தில் மதிப்பெண் இட்டு வட்டமிட வேண்டும். பிறகு அவற்றை முகப்புக் கட்டத்தில் ஏற்றிக் கூட்ட வேண்டும். பதினைந்து முடிந்ததும் கட்டு, கூட்டலும் விடுபடலும் சரிபார்க்கும் கூர்ந்தாய்வுக்குப் போகும். பதினான்கு முகாம்களில் பிழைக்கு விளக்கம் கேட்டு அவள் மீது ஒரு குறிப்பாணை இல்லை. கூட்டலில் அரை மதிப்பெண் பிசகியதில்லை. சண்முகவடிவு திருத்திய கட்டைப் பிரிக்கவே வேண்டாம், முத்திரை வைக்கலாம் என்று முதன்மைத் தேர்வாளர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். சொன்னபோது அவள் தலை குனிந்துகொண்டாள், பெருமையை மறைக்க. அந்தப் பெருமைதான். கூர்ந்தாய்வுக்கு அமர்ந்தவர் அவள் கட்டென்றதும் தாளைப் புரட்டாமலே கையெழுத்திட்டிருப்பார். வேறொருத்தியின் கட்டாக இருந்திருந்தால் பிடிபட்டிருக்கும். சோம்பேறி ஒருத்தியின் கையில், கூட்டத் தெரியாத ஒருத்தியின் கையில் அந்தத் தாள் போயிருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருப்பாள்.

பிள்ளை. பெண் என்று எப்படித் தெரியும்? தெரியும். உங்களைக் கவர்ந்த வீரர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை வரைக, எட்டு மதிப்பெண், முன்னுரை பிறப்பு அருஞ்செயல் முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் எழுதியவற்றையே எல்லாரும் எழுதியிருந்தார்கள். ஒரே உரைநூலின் ஒரே பத்தி, ஒரே இடத்தில் ஒரே மறதி. பதினோராவது தாள் மெலிந்த தாள். செய்யுள் பகுதி பாதி வெறுமை, இலக்கணம் தப்பும் தவறும். ஆனால் பின்னால் நூலில் கோத்த கூடுதல் தாள் ஒன்று இருந்தது, அதன் இரு பக்கமும் நெருக்கி எழுதிய கட்டுரை. தீ தொடாதவள் என்று தலைப்பு. இப்படி ஒருத்தி இல்லை, நான்தான் உண்டாக்கினேன், தப்பு என்றால் மன்னிக்கவும் என்று முதல் வரி. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற ஒருத்தி. ஒரு நாள் குச்சிக்கு மருந்து முக்கும் கொட்டகை பற்றிக்கொள்கிறது. உள்ளே அவளுடைய அக்கா. இவள் வெளியில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அன்று பறந்த மருந்துத் தூள் இவள் தோலில் படிந்து, அது முதல் தீ இவளைத் தொடாது. பகலெல்லாம் மற்றவர்களோடு உட்கார்ந்து குச்சி அடுக்குவாள், ஒருவருக்கும் தெரியாது. எங்கே கொட்டகை பற்றினாலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் ஆட்களைத் தூக்கி வருவாள். முகம் கரியாக இருப்பதால் யாரென்று தெரியாது. கடைசியில், சண்முகவடிவுக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம், ஆனால் அக்கா வெந்தபோது அவளுக்கு அந்தச் சக்தி இல்லை, சக்தி எப்பவும் ஒரு நாள் கழித்துத்தான் வருகிறது. அவ்வளவுதான். முடிவுரை இல்லை. அக்கா வெந்த கதையை எவளும் கற்பனையில் எழுத மாட்டாள்; தண்ணீர் குடிக்கப் போன அந்த ஒரு வரியை எவளாலும் உண்டாக்க முடியாது. கட்டுரைக்கு ஐந்துக்கு மேல் சண்முகவடிவு யாருக்கும் போட்டதில்லை. அன்று கை தானாகவே ஓர் எண்ணை எழுதி வட்டமிட்டது. என்ன எண் என்பதை மட்டும் இத்தனை ஆண்டுகளில் அவள் மனம் உச்சரித்ததே இல்லை. அருகில் போகும், சூடு பட்ட கால்போல் திரும்பிவிடும்.

"முப்பத்தி மூணு!" என்று வாசலில் நின்று கூவினாள் கருவூலத்தில் கூட்டிப் பெருக்கும் பெண். முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும் எப்போது போயின? அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது மதிக்கலாம்; நெற்றியோரம் நரை; பச்சைக் கட்டம் போட்ட சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஏற்றிச் செருகியிருந்தாள். நாற்பத்தைந்து. மனம் உடனே கழித்தது, கழித்தல் நிற்பதே இல்லை, இருபத்தொன்பதைக் கழித்தால் பதினாறு. பேருந்தில் நடத்துநராக வந்தவளை, மருத்துவமனையில் ஊசி போட வந்தவளை, பூக்காரியை, வாக்குச்சாவடியில் மை வைத்தவளை, எல்லாரையும் கழித்துப் பார்த்தாயிற்று. முன்பு நாற்பது வயதுக்காரிகளைக் கழித்தாள், அதற்கு முன்பு முப்பது வயதுக்காரிகளை. அவள் தேடும் பெண் அவளோடு சேர்ந்தே வயதாகிக்கொண்டு வருகிறாள். நான்கு பேரிடம் பேச்சுவாக்கில் முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறாள்: நீ எத்தனை வரை படிச்சே? நான்கு பேரும் பத்தாவது தேறவில்லை என்றார்கள். இரண்டாவது கேள்வியை, அந்தக் கட்டுரையைப் பற்றியதை, கேட்கத்தான் நாக்கு எழவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தபின் என்ன செய்வது? படக்கதையில் எழுபதாம் பக்கத்தில் முகமூடியைக் கழற்றுவார்கள், பார்த்தவர்கள் வியப்பார்கள். இவள் கழற்றினால் எவர் வியப்பார்?

பதினைந்தும் திருத்தி, அந்த ஒரு தாளின் கூட்டல் மட்டும் மிஞ்சியிருந்த தேநீர் இடைவேளையில் அந்தக் கூடுதல் தாளை நூலை அவிழ்த்து வெளியே எடுத்தது எதற்காக? மாசிலாமணிக்குக் காட்டத்தான். ஓவிய ஆசிரியர்களையும் உடற்பயிற்சி ஆசிரியர்களையும் முகாமில் கட்டுச் சுமக்கப் போடுவார்கள், அவரும் வந்திருந்தார். தாளைத் திருத்தும் அறைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது முதல் விதி. பதினான்கு முகாமாக அவள் புதியவர்களுக்குச் சொல்லித் தரும் விதி. ஆனால் பொம்மைக் கதை என்று எத்தனையோ நாள் எள்ளி நகையாடிய மனிதருக்கு, பாரும், நீர் சொன்ன இலக்கணம் அத்தனையும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருக்கிறாள், உம்மை ஒருபோதும் பார்த்திராத பிள்ளை, என்று காட்டாமல் இருக்க முடியவில்லை. வேப்பமரத்தடியில் அவர் படித்தார். படித்து முடித்துத் திரும்ப முதலிலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் அதைச் சொன்னார், முதலில் ஒரு சாவு வேண்டும் என்று. அவள் மறுத்துப் பேசினாள், பேச்சு வளர்ந்தது, அவளுக்குப் பேச்சில் தோற்றுப் பழக்கமில்லை. அறைக்குத் திரும்பியபோது மேசை வெறுமையாக இருந்தது. வடிவு டீச்சர் கட்டுதானே, முடிந்திருக்கும் என்று யாரோ முகப்பில் இருந்த எண்களைக் கூட்டி முப்பத்தொன்று என்று எழுதி, மற்றவற்றோடு கட்டி, அனுப்பிவிட்டிருந்தார்கள். கட்டுரை மதிப்பெண் ஏறாத முகப்பில் முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. சிவப்பு வட்டமிட்ட தாள் அவள் கைப்பைக்குள், மடித்தபடி. கட்டு இன்னும் அடுத்த அறையில்தான் இருந்தது, முப்பதடி தொலைவு. "கொடுங்க டீச்சர், ஓடிப்போய்ச் சொல்லிட்டு வாரேன். நான் எடுத்தேன்னு சொல்லிருதேன். என் வேலைக்கு என்ன, படம் வரையுறவனைக் கேக்க யாரிருக்கா" என்றார் மாசிலாமணி. அவர் கையை நீட்டினார். அந்தக் கை இன்னும் நீண்டே இருக்கிறது. தாளை வெளியே எடுத்தது தற்காலிகப் பணிநீக்கத்துக்குரிய குற்றம். தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. அவர் பழியேற்றாலும் விசாரணையில் அவள் பெயர் வராமல் போகாது. இவை அனைத்தையும் ஓர் இமைப்பொழுதில் கூட்டிப் பார்த்தாள். அவள் கூட்டல் பிசகியதில்லை. "எங்கேயோ விழுந்திருக்கும் சார், பார்ப்போம்" என்றாள். கைப்பையின் மீது அவள் கை இருந்ததை அவர் பார்த்தார். நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். சாகும் வரை அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை, அதுதான் பொறுக்கவில்லை. வழியில் காணும்போதெல்லாம் வணக்கம் டீச்சர் என்று முன்னிலும் பணிவாகச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை பால் காய்ச்சும்போது தாளை அடுப்பில் வைத்தாள். தீ தொடாதவளைத் தீ தொட்டது. முதலில் ஓரம் பழுப்பேறியது, பிறகு நடுவில் ஓட்டை விழுந்து விரிந்தது. சிவப்பு மை வட்டம் கடைசி வரை தனியே தெரிந்தது. பால் பொங்கி வழியும் நேரம்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டு தலைமையாசிரியர் ஆனாள். மாலை போட்டார்கள். எதற்கும் அஞ்சாத நேர்மை என்று வாழ்த்து மடலில் அச்சடித்தார்கள். அவள் காத்திருந்தாள், இது எவருக்கும் தெரியாது, தன்னுள் ஏதோ ஒன்று விழித்தெழும் என்று உண்மையாகவே காத்திருந்தாள். தவறிப்போன உயிர் உண்டு, மறைத்த முகம் உண்டு, பேனா உண்டு. மாசிலாமணியின் இலக்கணப்படி எல்லா உறுப்பும் அமைந்த பிறப்புக் கதை. இனி ஒரு பிள்ளையையும் தவற விட மாட்டேன் என்று சூளுரைத்தாள். தேறாத பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு வைத்தாள், காசு வாங்காமல், நூற்றுக்கணக்கானோரைக் கரையேற்றினாள். ஊரே கும்பிட்டது. ஆனால் ஒவ்வொருத்தி தேறி வந்து காலைத் தொடும்போதும் இவளல்ல, இவளல்ல என்று உள்ளே ஒன்று தலையாட்டியது. சக்தி வரவேயில்லை, ஒரு நாள் கழித்தும் வரவில்லை, ஓர் ஆயுள் கழித்தும் வரவில்லை. வந்தது முகத்தை மறைக்கும் தந்திரம் மட்டுமே. கதையில் வருகிறவர்கள் தவறியபின் நாயகர் ஆகிறார்கள். வாழ்க்கையில் தவறியவர்கள் தவறியவர்களாகவே முதிர்ந்து, ஆண்டுக்கொரு முறை வந்து உயிரோடிருப்பதாக ரேகை வைக்கிறார்கள்.

"முப்பத்தி ஆறு, டீச்சர் உங்களைத்தான், எந்திரிங்க." பெருக்குகிற பெண் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. எழுத்தர் கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல் வலது கட்டைவிரல் என்றார். கண்ணாடித் துண்டின் மீது வைத்தாள்; இயந்திரம் சிவந்தது. இடது. சிவந்தது. ஆட்காட்டி விரல். சிவந்தது. "சாக்பீஸ் தின்ன வெரலு சார், வாத்தியாருகளுக்கெல்லாம் இப்படித்தான்" என்று அந்தப் பெண் எழுத்தருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, ஈரத்துணியால் சண்முகவடிவின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், குழந்தைக்குத் துடைப்பதுபோல். "தலையில தேய்ங்க டீச்சர். எண்ணெய்ப் பசை பட்டாப் புடிச்சுக்கிரும்." தேய்த்தாள். சிவப்புத்தான். பத்து விரலும் இவள் இவளல்ல என்றன. எழுத்தர் நாற்காலியில் சாய்ந்தார். "கண்ணு வச்சுப் பாக்குற மெஷின் அந்த ரூம்ல ஏட்டையாவுக்கு ஓடுது. முடியட்டும். முனீஸ்வரி, டீச்சருக்கு அந்த ஸ்டூலைப் போடு." முனீஸ்வரி. முனி. எல்லையில் நிற்கிற பெயர். சண்முகவடிவு முக்காலியில் உட்கார்ந்தாள். முனீஸ்வரி சுவரில் சாய்ந்து நின்று துணியைப் பிழிந்தாள். வாய் தன்போக்கில் பேசியதை அவள் பிறகுதான் கேட்டாள். "எத்தனை வரைக்கும் படிச்சே?"

"பத்தாவது டீச்சர். பெயிலு." முனீஸ்வரிக்கு அதைச் சொல்ல வெட்கமில்லை. "எல்லாம் பாசு, தமிழ்ல போயிருச்சு. தமிழன்னு பொறந்துட்டுத் தமிழ்ல போன ஒரே ஆளு நான்தான்னு எங்க மச்சான் இன்னிக்கும் கேலி பேசும். நாலு மார்க்குல போச்சு. அதுக்கப்புறம் தீப்பெட்டி ஆபீசு, அப்புறம் கல்யாணம், அப்புறம் இந்தா தொடப்பம். பாசாயிருந்தா எங்க ஊர் அங்கன்வாடியில டீச்சராயிருப்பேன். எடம் இருந்துச்சு. வயசானா நானும் உங்களப் போல ரேக வைக்க வருவேன், எனக்கு எவளாவது வெரலு தொடச்சு விடுவா." அவள் சிரித்தாள். நாலு மார்க். தீப்பெட்டி ஆபீஸ். மின்விசிறி இங்கே இல்லை, ஆனால் ஏதோ முனகியது. எந்த வருடம் என்று கேட்டாள், அதே வருடம். கேட்காதே என்றது ஒன்று. இருபத்தொன்பது ஆண்டுகளாகக் கேட்காததால் அந்தப் பிள்ளை எங்கோ நன்றாக இருக்கவும் கூடும். மறுதேர்வு எழுதியிருக்கலாம், பெரிய வேலையில் இருக்கலாம், கேட்காத வரை அதற்கு இடமுண்டு. கேட்டால் இந்தத் துடைப்பம் மட்டுமே மிஞ்சும். அடுத்த அறையில் ஏட்டையாவை இமைக்காதீர்கள் என்று யாரோ அதட்டுவது கேட்டது. அவர் வெளியே வந்ததும் இவளை அழைத்துவிடுவார்கள், பிறகு ஓர் ஆண்டு. எழுபத்திரண்டு வயதில் இன்னும் ஓர் ஆண்டு என்பதை எந்தக் கணக்கில் நம்புவது? "உனக்கு அக்கா உண்டா?" என்றாள். "மூணு பேரு." "எல்லாரும்..." "அவளுகளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்காளுக. சொத்துப் பிரிச்சதுல இருந்து ஒருத்தியும் என்கூடப் பேச மாட்டா." சண்முகவடிவு மூச்சு விட்டாள்; அது நிம்மதியா ஏமாற்றமா என்று பிரித்தறிய முடியவில்லை. ஆனாலும் இரண்டாவது கேள்வி, வாழ்நாளில் முதன்முறையாக, வந்துவிட்டது. "அந்தப் பரீட்சையில கட்டுரை எதைப் பத்தி எழுதினே?"

"கட்டுரையா? எழுதவே இல்லையே. வீரரோ தியாகியோ எவரையோ பத்திக் கேட்டிருந்தான். யாரு மூஞ்சியும் ஞாபகத்துக்கு வரல. தலைப்ப மட்டும் எழுதிக் கோடு போட்டேன், மணியடிச்சுட்டான். ஏன் டீச்சர்?" இவளல்ல. இவளும் அல்ல. ஐந்தாவது. இவள் தோற்றது நியாயமான தோல்வி. திருத்தியவர் எவரோ அவர் செய்ததில் பிழையில்லை. எழுந்து போய்விடலாம். ஆனால் இரண்டாவது கேள்வியைத் திறந்தபின் அதன் பின்னால் அடைத்து வைத்திருந்தது நிற்கவில்லை. தாழ்ந்த குரலில், இலக்கணம் குலையாமல், முழு வாக்கியங்களாக, தன் வகுப்பில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல் சண்முகவடிவு சொன்னாள். கூடுதல் தாள். வேப்பமரம். முப்பதடி. அடுப்பு. பால். இவற்றைத் தான் சொல்லிக் கேட்பது இதுவே முதல் முறை என்பதும், எவ்வளவு சிறிய கதை இது, நான்கு நிமிடம்கூட ஆகவில்லை என்பதும் சொல்லச் சொல்ல அவளுக்கே வியப்பாக இருந்தது. முனீஸ்வரி துணியைப் பிழிவதை நிறுத்தியிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் என்ன வரும் என்று சண்முகவடிவு நிமிர்ந்து பார்த்தாள். இரக்கம் வரவில்லை. "அடிப்பாவி" என்றாள் முனீஸ்வரி, டீச்சர் என்ற சொல்லைச் சேர்க்காமல். எழுத்தர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கணினிக்குள் போய்விட்டார்.

"அந்தப் புள்ள எங்க கெடக்கோ. என்னைய மாதிரி எவன் வீட்டையோ கூட்டிக்கிட்டு." முனீஸ்வரியின் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் மக்கு, எனக்கு அது தெரியும், நான் எழுதாமப் பெயிலானேன். அவ எழுதிப் பெயிலாயிருக்கா. அவளுக்கும் மக்குன்னுதானே பேரு வச்சிருப்பாக. அவளும் அதத்தானே நம்பியிருப்பா." சண்முகவடிவு தலையசைத்தாள். இந்த வாக்கியத்தை அவள் ஒருபோதும் சிந்தித்ததில்லை. நான்கு மதிப்பெண்ணை, வேலையை, திருமணத்தை எல்லாம் கூட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளை தான் எழுதியது நன்றாக இல்லை என்று நம்பியிருப்பாள் என்பதைக் கூட்டவில்லை. அக்காவைப் பற்றி அதன்பின் ஒருவரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். அது இந்த முப்பத்தொன்றைவிடப் பெரிய கூட்டல் பிழை. "இப்ப என்ன செய்யலாம்னு இருக்கீக?" என்றாள் முனீஸ்வரி. "செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. அவளைக் கண்டுபிடிக்க வழி கிடையாது." "அப்ப அந்த மார்க்கு உங்ககிட்டயேதான் இருக்கா? செத்தா கூடவே கொண்டுபோவீகளோ?" முனீஸ்வரி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த வலது உள்ளங்கையைச் சண்முகவடிவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "போடுங்க."

"உனக்கா? நீ எழுதவே இல்லையே." வாய் தானாகச் சொல்லிற்று. எழுதாத விடைக்கு அவள் வாழ்நாளில் கால் மதிப்பெண் போட்டதில்லை. "எழுதுனவளுக்குத்தான் போடலையே. போடுங்க. யாருக்காச்சும் போய்ச் சேரட்டும்." அதில் அன்பில்லை, ஒரு காறல் இருந்தது, சந்தையில் அழுகிய காயைத் தலையில் கட்டியவனிடம் திரும்பப் போய் நிற்பவளின் பிடிவாதம் இருந்தது. ஏட்டையா அடுத்த அறையிலிருந்து, "நான் உசுரோடதான் இருக்கேனாம் டீச்சர், மெஷினே சொல்லிட்டு" என்று சிரித்தபடி வெளியே வந்தார், எழுத்தர் அடுத்து நீங்கள் என்று கைகாட்டினார், சண்முகவடிவு எழவில்லை. மேசைக் காலில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை எடுத்தாள். நூல் எட்டவில்லை. முனீஸ்வரி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக் கையை அருகே கொண்டுவந்தாள். தழும்பேறிய உள்ளங்கை, எதையெதையோ பிடித்துப் பிடித்து ரேகை மழுங்கியது. இது அந்தப் பிள்ளையின் கை அல்ல. அவள் எங்கோ இருக்கிறாள், அல்லது இல்லை. இதைப் போட்டாலும் அவளுக்குப் போய்ச் சேராது, தவறான தாளில் ஏற்றிய மதிப்பெண் இது, மறுகூட்டலில் நீக்கப்பட வேண்டியது. வியர்வையில் மை பிடிக்கவில்லை. ஒரு முறை எழுதி, அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினாள், முனீஸ்வரி முகம் சுளித்தாள், கையை இழுக்கவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளாக அருகில் போய்ப் போய்த் திரும்பிய இடத்தில் சண்முகவடிவின் மனம் முதன்முறையாகக் கால் வைத்து நின்றது. வட்டமும் போட்டாள். ஆறரை.